பிடித்தது விடுவதற்கே: மரக்காணம் உப்பளக் கரை மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: விழுப்புரம் மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு வனத்துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை, தொழிலாளர் நலத்துறை, மரக்காணம் பேரூராட்சியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும், உப்பளக் குத்தகைதாரர்கள், இந்தக் கரையில் வாழும் நாங்கள் அனைவரும்.

பொருள்: விஷப்பாம்புகளை வீடுகளில் அடைத்து வைப்பதைத் தடுப்பது, பாம்பு மீட்பை முறைப்படுத்துவது, பாம்புக்கடிக்கு உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்கச் செய்வது.

முகவுரை

நாங்கள் மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதிப்பவர்கள், உப்பு வாருபவர்கள், கூடை சுமப்பவர்கள், லாரிக்கு மூட்டை ஏற்றுபவர்கள். எங்களில் இருளர் பழங்குடியினர் உண்டு, மீனவர் உண்டு, கூலிக்கு வந்து இங்கேயே குடியேறியவர்களும் உண்டு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். தெற்கே விரிந்து கிடக்கிறது கழுவெளி என்னும் சதுப்பு நிலம். அது 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தண்ணீரும் எலியும் தவளையும் இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். எங்கள் பாட்டன் காலத்திலும் இருந்தது, பேரன் காலத்திலும் இருக்கும். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன்னே வரப்பில் இறங்குகிறோம். பலர் வெறுங்காலோடு இறங்குகிறோம். குவித்த உப்பை மழையிலிருந்து காக்கப் பனையோலை வேய்கிறோம். அந்த ஓலைக்கடியில் எலி வரும், எலிக்குப் பின்னால் நல்லபாம்பு வரும். மணல்மேட்டுப் புதரில் சுருட்டை விரியன். வயலோரத்தில் கண்ணாடி விரியன். மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கினால் எல்லாம் மேடு தேடி எங்கள் குடிசைக்கு வருகின்றன. கட்டுவிரியனோ இரவில் பாய்க்கே வருகிறது. கடலுக்குப் போகிறவர்களின் வலையில் கடல்பாம்பு ஏறுகிறது.

தானாக வருகிற பாம்போடு எப்படி வாழ்வது என்பது எங்களுக்கு ஓரளவு தெரியும். இந்தச் சாசனத்தை எழுத வைத்தது வேறொன்று: பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடி போட்டு வைக்கப்படும் பாம்பு. சில ஆண்டுகளாக இந்தப் பழக்கம் எங்கள் தெருக்களிலும் நுழைந்திருக்கிறது. கைபேசியில் படம் எடுக்க, நாலு பேர் முன்னால் காட்ட, 'பாம்பு பிடிக்கிறவர்' என்று பெயர் வாங்க, சில சமயம் உண்மையான பரிவினாலும்கூட இளைஞர்கள் பாம்பை வீட்டில் வைக்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் அதன் முடிவை எங்கள் கண்ணால் கண்டோம்.

நாங்கள் கண்டது

எங்கள் தெருப் பையன் ஒருவன். நல்ல பிள்ளை, பயமறியாதவன். உப்புக் குவியலின் ஓலைக்கடியிலிருந்து ஒரு நல்லபாம்பைப் பிடித்தான். டீக்கடையில் முறுக்கு போட்டு வைக்கும் பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை வாங்கி, மூடியில் ஆணியைச் சுட்டு எட்டுப் பத்து ஓட்டை போட்டு, உள்ளே விட்டு, கட்டிலுக்கடியில் வைத்தான். அதே கட்டிலில்தான் அவன் தங்கை படுப்பாள். மாலையானால் ஜாடி திண்ணைக்கு வரும். சுற்றிலும் கைபேசி வெளிச்சம். பாம்பு படமெடுத்து ஜாடிச் சுவரில் மோதும், மூக்கு நுனி தேய்ந்து சிவந்திருக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பெரியவர்களான நாங்களும் நின்று பார்த்தோம், யாரும் தடுக்கவில்லை. அந்தக் குற்றம் எங்களுடையதும்தான்.

ஐந்தாம் நாள் ஜாடிக்குள் தண்ணீர் மாற்றும்போது ஆள்காட்டி விரலில் கடித்தது. கை உதறியதில் ஜாடி உருண்டது. பையனின் மணிக்கட்டில் கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். மந்திரிக்கிறவரிடம் கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் அங்கே போனது. இமை சரியத் தொடங்கிய பிறகுதான் பைக்கில் நடுவில் உட்கார்த்தி மருத்துவமனைக்கு ஓடினார்கள். முதலில் போன இடத்தில் மருந்து இருப்பில்லை, அடுத்த ஊருக்குப் போகச் சொன்னார்கள். உயிர் தப்பியது. சதை அழுகியதால் விரல் போய்விட்டது.

அதே இரவில் இங்கே இன்னொரு கதை. பாம்பு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவே டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை, மந்திரம் எதுவும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தார், சுவரோரத்தைப் பார்த்தார், அரிசி மூட்டைக்குப் பின்னால் கம்பியைவிட்டு மெதுவாக எடுத்தார். துணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டு, கிளம்பும்போது சொன்னார்: "பிடிச்சது விடுறதுக்குத்தாம்பா. வெச்சுக்கறதுக்கு இல்ல."

அவர் கூலி கேட்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. இந்தச் சாசனத்தின் பாதி அவர் சொன்ன வார்த்தையிலிருந்து பிறந்தது. மீதிப் பாதி நாங்கள் கொடுக்க மறந்த கூலியிலிருந்து.

வீட்டில் வைத்த பாம்பு ஏன் ஆபத்து

வீட்டில் பாம்பு வைப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்களுக்கு எங்கள் பதிலை இங்கே வைக்கிறோம்.

'பல்லைப் பிடுங்கிவிட்டேன்' என்பார்கள். விஷப்பல்லுக்குப் பின்னால் அடுத்த பல் தயாராக இருக்கிறது. விழுந்த இடத்தில் அது வந்து நிற்கும். விஷப்பையோ அப்படியே இருக்கிறது. பல் பிடுங்கிய வாய் புண்ணாகி, இரை எடுக்க முடியாமல் பாம்பு செத்தும் போகும். ஆபத்து குறைவதில்லை, கொடுமைதான் கூடுகிறது.

'பால் வைக்கிறேன்' என்பார்கள். பாம்பின் உணவு பாலன்று. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதிரே வைத்த திரவத்தில் வாய் வைக்கும், அவ்வளவுதான். அதனால் அதற்கு நோய்தான் வரும்.

'என்னோடு பழகிவிட்டது' என்பார்கள். நாய் போலவோ கிளி போலவோ பாம்பு ஆளோடு உறவு கொள்வதில்லை. அடங்கிக் கிடப்பது பழக்கத்தினால் இருக்கலாம், களைப்பினாலும் இருக்கலாம். கை வந்த திசை, சூடு, பசி, தோல் உரிக்கும் நேரம் என்று எதுவும் அதைக் கடிக்க வைக்கும். பாம்போடு அடிக்கடி புழங்குபவருக்கு விஷத்தின்மீதே ஒவ்வாமை உண்டாகலாம் என்பதையும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவருக்குச் சிறு கடிகூட உடனடியாக உயிரைப் பறிக்கலாம்.

'ஒன்றுதானே வைத்திருக்கிறேன்' என்பார்கள். கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஓர் ஈற்றில் இருபது முப்பது குட்டிகள் வருவது சாதாரணம். பிறந்த நாளிலிருந்தே அவற்றுக்கு விஷம் உண்டு. ஜாடி மூடி சற்று விலகினாலே அது குட்டிகளுக்கு வாசலாகிவிடும். சினைப்பாம்பை அறியாமல் வீட்டில் வைத்தவர், ஒரே இரவில் தெரு முழுவதற்கும் ஆபத்தை ஈன்றவர் ஆகிறார்.

'எனக்குத் தெரியும், என் உயிர், என் இஷ்டம்' என்பார்கள். ஆனால் தப்பியது கட்டுவிரியன் என்றால்? அது கடித்தால் பெரும்பாலும் வலியும் இருக்காது, தடமும் தெரியாது. தூக்கத்தில் கடிபட்டவர் விடியற்காலையில் வயிற்று வலி என்பார், தொண்டை அடைக்கிறது என்பார், இமை தூக்க முடியாமல் மூச்சு நிற்கும். தப்பிய பாம்பு கடிப்பது வைத்தவரை அல்ல, பக்கத்து வீட்டில் தரையில் தூங்கும் பிள்ளையை. அந்தப் பிள்ளையின் உயிர் யாருடைய இஷ்டமும் அல்ல.

கடல்பாம்பை வாளியில் போட்டுக் கரையில் வேடிக்கை காட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கென்று தயாரிக்கப்படுவது. கடல்பாம்புக்கு அது மருந்தாகாது. கள்ளத்தனமாக வெளிநாட்டு விஷப்பாம்பை வாங்கி வளர்ப்பவருக்கும் இதே கதிதான். கடித்தால் அதற்குரிய மருந்து இந்த நாட்டு மருத்துவமனை எதிலும் இருக்காது.

வடநெம்மேலிப் பானை சொல்லும் நெறி

பாம்பைச் சட்டப்படி பிடித்துவைக்கும் இடம் ஒன்று எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். பாம்புத்தோல் வியாபாரத்துக்காக ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பு பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் இந்தச் சங்கம் தொடங்கியது. கொல்வதற்காகப் பிடித்த கைகள் உயிர் காப்பதற்காகப் பிடிக்கத் தொடங்கின. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விஷத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

அங்கே போய்ப் பார்த்தவர்கள் எங்களில் உண்டு. மண்பானை, அடியில் மணல், வாயில் பருத்தித் துணி கட்டியிருக்கும். எந்தப் பாம்பு, எப்போது வந்தது என்ற குறிப்பு பானையோடு இருக்கும். வாரம் ஒரு முறை எடுத்து, தலையைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையில் கடிக்க விடுவார்கள். மஞ்சள் துளிகள் சில இறங்கும். மூன்று நான்கு வாரம் முடிந்ததும், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மீண்டும் சிக்கினால் அது ஏற்கெனவே கொடுத்துவிட்ட பாம்பு என்று தெரிந்துவிடும். எந்த இனத்தில் எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறை உரிமத்தில் எழுதித் தருகிறது.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாம்பின் வழி அறிந்தவர் இருளர். அவர்களுக்கே கணக்கு உண்டு, கெடு உண்டு, திருப்பி விடும் கடமை உண்டு. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அத்தனை அனுபவம் உள்ளவர்கள்கூடப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. பயிற்சி இல்லை, உரிமம் இல்லை, தேவையும் இல்லை என்னும்போது எங்கள் தெருவில் ஒரு ஜாடிக்கு என்ன நியாயம்?

எனவே இந்தச் சாசனம் மூன்று சொற்களை அளவுகோலாக வைக்கிறது: கணக்கு, கெடு, விடுதலை. பாம்பைத் தொடும் எவருக்கும், அவர் வன ஊழியரானாலும் தன்னார்வலரானாலும், இந்த மூன்றும் பொருந்த வேண்டும்.

மற்ற ஊர்களின் பாடம்

கேரளத்தின் கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020 மே மாதம் ஓர் இளம்பெண் படுக்கையிலேயே நல்லபாம்பு கடித்து இறந்தார். அதற்கு முன் அதே ஆண்டில் அவரை விரியன் கடித்திருந்தது. பாம்பு பிடிப்பவர் ஒருவரிடம் இரண்டு பாம்புகளையும் விலைக்கு வாங்கி வந்து கடிக்க வைத்தது கணவனே என்று நிரூபணமாகி, 2021 அக்டோபரில் தண்டனை விதிக்கப்பட்டது. உரிமமில்லாமல் ஒருவர் பாம்பை அடைத்து வைத்திருந்ததும், கேட்பவருக்கு அதைக் கொடுக்க முடிந்ததும்தான் அந்தக் கொலைக்குக் கதவு திறந்தது. அதே 2020இல் கேரள வனத்துறை பாம்பு மீட்போருக்கு நெறிமுறை வகுத்தது. பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவரே பாம்பைக் கையாளலாம், கூட்டத்துக்கு நடுவே வித்தை காட்டக் கூடாது என்றது. 'சர்ப்பா' என்ற கைபேசிச் செயலி வழியாக, அருகில் இருக்கும் சான்று பெற்ற மீட்பரை மக்கள் அழைக்கலாம்.

அமெரிக்காவின் புளோரிடாவில் செல்லப்பிராணிகளாக வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், கைவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. சில பகுதிகளில் ரக்கூன் போன்ற பாலூட்டிகள் ஏறத்தாழ அற்றே போனதாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டவர்கள் நம் மாசி சடையனும் வடிவேல் கோபாலும்தான். அங்கே வளர்த்தவர்கள் வீட்டில் செய்த தவறைத் திருத்த இங்கிருந்து இருளர் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இந்த மோகம் நம் பக்கமும் வந்துவிட்டது: 2023 ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில் ஒரே பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. வாங்க ஆள் இல்லாமல் அவை வரவில்லை. கழுவெளியில் ஒரு நாள் அயல்நாட்டுப் பாம்பு ஒன்று விடப்பட்டால் அதை யார் வந்து பிடிப்பது?

கோரிக்கைகள்

அ. வனத்துறைக்கு

1. காட்டுயிரைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் சட்டப்படி குற்றம். 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் முதல் அட்டவணையில் உள்ளன. அந்த அட்டவணை உயிர்கள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்றாண்டுச் சிறை உண்டு. இது எங்கள் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு உப்பளக் குடியிருப்பிலும் பள்ளியிலும் மீன் இறங்குதளத்திலும் இதைத் தமிழில், பாம்புகளின் படத்தோடு பலகையாக வையுங்கள்.

2. வீட்டில் பாம்பு வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க மூன்று மாத அவகாசம் கொடுங்கள். சட்டம் இடம் தரும் அளவுக்கு, தாமாக முன்வருபவரை அச்சுறுத்தாமல் பெற்றுக்கொள்ளுங்கள். பயத்தில் இரவோடிரவாகக் கால்வாயில் கொட்டிவிட்டுப் போகும் நிலை வரக் கூடாது. அவகாசம் முடிந்த பின் சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்.

3. மரக்காணம் பகுதிக்கெனப் பயிற்சியும் அடையாள அட்டையும் பெற்ற பாம்பு மீட்பர்களை நியமியுங்கள். உப்பளங்களில் வேலை செய்யும் இருளர் இளைஞர்களுக்கு முதல் இடம் கொடுங்கள். ஒவ்வொரு மீட்புக்கும் கூலி, கொக்கி, பை, பூட்ஸ், டார்ச், உயிர்க்காப்பீடு எல்லாம் அரசு தர வேண்டும். அவர்களின் அறிவை இனாமாக வாங்கும் வழக்கம் முடிவுக்கு வரட்டும்.

4. மீட்ட பாம்பை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே, மனிதப் புழக்கமில்லாத இடத்தில் விட வேண்டும். காயம்பட்டதை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். மீட்பரின் வீடு ஒருபோதும் பாம்பின் கிடங்காகக் கூடாது. பிடித்த நாள், இடம், இனம், விட்ட இடம் என நான்கு பத்தி கொண்ட பதிவேடு போதும்.

5. மீட்பின்போது பாம்பைக் கழுத்தில் போடுவது, முத்தமிடுவது, குழந்தைகள் கையில் கொடுப்பது, அதைப் படமெடுத்துப் பரப்புவது ஆகியவற்றைத் தடை செய்து, மீறும் மீட்பரின் சான்றை ரத்து செய்யுங்கள்.

6. அயல்நாட்டு விலங்கு வளர்ப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவைக் காட்டி விஷப்பாம்பு வளர்ப்பதை நியாயப்படுத்த இடம் கொடுக்காதீர்கள். விஷமுறிவு மருந்து நாட்டில் இல்லாத எந்தப் பாம்பும் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

7. உயிர்காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்கச் சட்டம் தனியே அனுமதி தருகிறது. வடநெம்மேலிச் சங்கத்தின் உரிமம் ஆண்டுதோறும் தாமதமின்றிக் கிடைக்கச் செய்யுங்கள். உரிமம் தாமதமானால் இருளர் குடும்பம் பட்டினி கிடக்கும், நாட்டின் மருந்துக்கும் தட்டுப்பாடு வரும். ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுபடுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனவே மற்ற மாநிலங்களிலும் இதே போன்ற கூட்டுறவுச் சங்கங்கள் உருவாக, இருளர்களைப் பயிற்றுநர்களாகக் கொண்டு தமிழ்நாடு வழிகாட்ட வேண்டும்.

ஆ. மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு

8. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. 2024இல் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கடி ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும் என்பதே அதன் பொருள். எங்கள் பகுதியின் பதிவுகளை ஊர்வாரியாகத் தொகுத்து, ஆண்டுக்கு ஒரு முறை கிராமசபையில் வாசியுங்கள். எந்த வரப்பில், எந்த மாதத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால் தடுக்க வழி பிறக்கும்.

9. மரக்காணம் சுற்றுவட்டார அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இரவு பகல் எந்நேரமும் விஷமுறிவு மருந்து இருக்க வேண்டும். விஷம் ஏறிய ஒருவருக்குத் தொடக்கத்திலேயே பத்துக் குப்பி தேவைப்படலாம். எனவே இரண்டு மூன்று குப்பி இருப்பதை இருப்பென்று கணக்குக் காட்டாதீர்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே என்பதையும் ஊழியர்களுக்கு நினைவூட்டுங்கள்.

10. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகலாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய கருவி எதுவும் வேண்டாத இந்தப் பரிசோதனையை எல்லா நிலையங்களிலும் கட்டாயமாக்குங்கள்.

11. முதல் மருந்தை இங்கேயே ஏற்றாமல் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ அனுப்பக் கூடாது. திண்டிவனமும் புதுச்சேரியும் எங்களிடமிருந்து சுமார் 35 கிலோமீட்டர். நல்லபாம்பு, கட்டுவிரியன் விஷத்தில் மூச்சு நிற்கும் ஆபத்து இருப்பதால், அனுப்பும்போது மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவரோடு 108 வாகனத்தில் அனுப்புங்கள்.

12. பாம்புக்கடிக்கான 15400 என்ற உதவி எண் சோதனை முறையில் தொடங்கிய இடங்களில் பக்கத்துப் புதுச்சேரியும் ஒன்று. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கும் அதே வசதி வேண்டும்.

இ. தொழிலாளர் நலத்துறைக்கும் குத்தகைதாரர்களுக்கும்

13. ஒவ்வொரு தொழிலாளிக்கும் முழங்கால் உயர பூட்ஸ், இருட்டில் நடக்க நெற்றியில் கட்டும் டார்ச், ஓலை பிரிக்க நீண்ட கம்பு வழங்குங்கள். பூட்ஸ் உப்பு நீரில் சீக்கிரம் கெடும். ஆண்டுக்கு ஒரு முறை என்று எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

14. உப்புக் கிடங்கையும் ஓய்வுக் கொட்டகையையும் சுற்றி ஓலை, மூட்டை, குப்பை தேங்காமல் அகற்றுங்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும். இரவு தங்கும் தொழிலாளர்களுக்குத் தரையிலிருந்து உயர்ந்த கட்டிலும், பாய்க்கடியில் செருகிக்கொள்ளக் கொசுவலையும் கொடுங்கள். கட்டுவிரியனிடமிருந்து காக்க அதைவிட மலிவான கவசம் இல்லை.

15. வேலைநேரத்தில் பாம்பு கடித்தால் அது பணியிட விபத்து. மருத்துவச் செலவு, வேலை இழந்த நாட்களின் கூலி, இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் ஆகியவற்றை உறுதிசெய்யுங்கள். வேலையில்லாத மழைமாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாயைப் பெற்றவர்கள் நாங்கள், அதற்கு நன்றி. பாம்பு மேடேறி வருவதும் அதே மாதங்களில்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

16. 'பாம்பு வந்திருக்கு, வந்து பிடி' என்று இருளர் தொழிலாளியை மிரட்டியோ கடனைச் சொல்லியோ அழைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பாம்பு பிடிப்பது அவருடைய உப்பள வேலையின் பகுதி அல்ல. மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

ஈ. பேரூராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும்

17. தெருவிளக்கு, குப்பை அகற்றல், வீட்டுக் கழிப்பறை ஆகிய மூன்றும் பாம்புக்கடித் தடுப்பே. இருட்டில் வெளியே ஒதுங்கப் போகும் பெண்களும் பிள்ளைகளும் கடிபடுகிறார்கள். இருளர் குடியிருப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

18. ஆண்டுதோறும் மழைக்கு முன், செப்டம்பரில், பள்ளிகளில் பாம்பு அறிவு நாள் நடத்துங்கள். பாம்பைக் கொண்டுவந்து காட்டாமல் படம் வைத்து நடத்துங்கள். சாரைக்கும் நல்லபாம்புக்கும், வெள்ளிக்கோல் வரையனுக்கும் கட்டுவிரியனுக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளை கல்லெடுக்கவும் மாட்டான், ஜாடி தேடவும் மாட்டான். பாடம் நடத்த இருளர் பெரியவர்களை மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள்.

எங்கள் உறுதிமொழி

கேட்பதோடு எங்கள் பங்கு முடிந்துவிடாது. பொறுப்பை நாங்களும் ஏற்கிறோம்.

எங்கள் வீட்டில், எங்கள் பிள்ளைகள் உட்பட, யாரும் பாம்பை அடைத்து வைக்க விடமாட்டோம். தெருவில் ஒருவர் வைத்திருந்தால் முதலில் அவரிடம் பேசுவோம், கேட்காவிட்டால் வனத்துறைக்குச் சொல்வோம். அதைக் காட்டிக்கொடுத்தலாக எண்ண மாட்டோம்.

பாம்பு வித்தையை நின்று பார்க்க மாட்டோம், படமெடுக்க மாட்டோம், வந்த படத்தைப் பகிர மாட்டோம். அந்த ஜாடியைச் சுற்றி நாங்கள் கூடாமலிருந்திருந்தால் அது மறுநாளே திறக்கப்பட்டிருக்கும்.

பாம்பைக் கண்டால் அடிக்க மாட்டோம். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி, தூரத்திலிருந்து கண் வைத்துக்கொண்டு, மீட்பரை அழைப்போம்.

கடிபட்ட இடத்துக்கு மேல் கயிற்றை இறுக்கிக் கட்ட மாட்டோம், கடிவாயைக் கீறமாட்டோம், வாயால் உறிஞ்சமாட்டோம். மோதிரம், வளையல், கொலுசு கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போவோம். பாம்பைத் தேடியும் பிடித்தும் நேரத்தைத் தொலைக்க மாட்டோம். எங்கள் ஊர் மந்திரிப்பவர்களையும் இந்தச் சாசனத்தில் சேர்த்துக்கொள்கிறோம். யாராவது கடிபட்டு உங்களிடம் வந்தால் 'முதலில் ஊசி போட்டு வா, பிறகு திருநீறு தருகிறேன்' என்று சொல்லுங்கள். அந்த வாக்குக்கு இருக்கும் மதிப்பு எந்த அறிவிப்புப் பலகைக்கும் இல்லை.

பாம்பு பிடித்து விட்டவருக்கு அன்றே கூலி கொடுப்போம். அன்று கொடுக்காத கூலியை நாங்களே தெருவில் வசூலித்து, அந்தப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதன் பிறகே இந்தச் சாசனத்தை எழுத உட்கார்ந்தோம்.

முடிவாக

பத்துப் பன்னிரண்டு ஏக்கர் பாத்திக்கு நடுவே ஓர் ஓலைக்குவியல் இருந்தால் அதற்கடியில் ஒரு பாம்புக்கு இடம் உண்டு. எங்களுக்கும் வரப்பில் இடம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க வேண்டிய ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம்.

இந்தக் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச்சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டம், இருக்கும் திட்டம், இருக்கும் மருந்து இவை மரக்காணம் வரை வந்து சேர்ந்தால் போதும். துறைவாரியாக எழுத்தில் பதில் தரும்படியும், எங்கள் பிரதிநிதிகளையும் இருளர் பெரியவர்களையும் அழைத்து மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கூட்டம் நடத்தும்படியும் கேட்டுக்கொள்கிறோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். பாத்திகள் மூழ்கும். பாம்புகள் எங்கள் வாசலுக்கு வரும். அதற்கு முன் உங்கள் பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
மரக்காணம் உப்பளக் கரை மக்கள்